பெர்சி என்ற சிறுவன்



"வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்கிறான், ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் ஊமையாகிவிடுகிறான், சார்" என்று பால்மரம் வெட்டிவிட்டு வந்த தாய் ஒருவர் நம்மிடம் வருந்தினார். இத்தகைய பிள்ளைகளைச் சோம்பேறி என்று எண்ணி, ஆசிரியர்களாகிய நாமே பெஞ்சின் மேல் நிற்கவைத்ததுண்டு. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை வரலாறு சொல்கிறது.

1880களில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை வழங்கினார். மூளைப் பாதிப்பால் வாசிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்களையே அவர் கண்டார். பிறவியிலேயே இக்குறை இருக்கலாம் என்று 1896இல் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன். அவர் கண்ட பெர்சி என்ற சிறுவனுக்கு வயது 14. கண்ணில் குறையில்லை, கணக்கில் கெட்டிக்காரன். ஆயினும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் இவனே பள்ளியில் முதல்வன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம்!

வழி என்ன? அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1920களில் இப்பிள்ளைகளை ஆராய்ந்தார். அவருடன் பணியாற்றிய ஆசிரியை அன்னா கில்லிங்காம், 1930களில் பாடமுறை ஒன்றை வகுத்தார். எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, கையால் எழுதுவதே அம்முறை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் படித்ததை இது நினைவூட்டவில்லையா?

பெற்றோர்களே, ஆங்கிலத் தேர்வுக்கும் இதுவே துணை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று வருவதால் இப்பிள்ளைகள் மேலும் திணறுவார்கள். தினமும் ஐந்தே சொற்களை எடுத்து, மணலில் எழுதி ஒலிக்கச் செய்யுங்கள். பழைய வினாத்தாளை அண்ணனோ அக்காளோ வாசித்துக் காட்டட்டும். பிள்ளை முதலில் வாயால் விடை சொல்லிப் பிறகு எழுதட்டும். குறை இருப்பதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவருடைய அறிக்கையுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால், தேர்வில் கூடுதல் நேரம் பெற வழியுண்டு. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பெர்சியின் ஆசிரியர் அவனுடைய அறிவை அடையாளம் கண்டார். நாமும் நம் பிள்ளைகளிடம் அதைக் காண்போம்.