இலையும் சொட்டும்

கோலா தெர்லாவில் பாட்டி வீட்டுக் கதவைத் திறந்தால் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு தெரியும். மறுபக்கம் கோசும் சவிக் கீரையும் விளையும் காய்கறித் தோட்டங்கள். பாட்டி முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தேத்தண்ணி குடிப்பார். கீரை இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படியும் குளுக்கோமா அவர் பார்வையைக் கொண்டுபோனது.

அந்த நோய் ஓரத்திலிருந்து தின்னும். கண்ணுக்குள் நீர் வடிவது தடைப்பட்டு அழுத்தம் ஏற, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பாட்டி நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். "வயசாயிருச்சு, வேற என்ன?" என்பார். மருத்துவமனைக்குப் போனபோது ஒரு கண் முழுசாகப் போயிருந்தது.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அதே நோய்க்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அத நிறுத்திட்டேன். எல்லாம் கெமிக்கல். இப்ப கிரீன் டீ மாத்திரை சாப்பிடுறேன். ஆன்டி ஆக்சிடன்ட்டாம், கண் நரம்புக்கு நல்லதாம்."

திட்டத்தான் வாய் வந்தது. அதற்கு முன் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அம்மா பயப்படும் 'கெமிக்கல்' காட்டிலிருந்து வந்தது என்பது. 1857இல் பெர்லினில் கிரேஃபே என்ற மருத்துவர் கருவிழித் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து இந்த நோய்க்குச் சிகிச்சை செய்தார். 1876இல் லாக்குவேர் என்ற கண் மருத்துவர், அவரே குளுக்கோமா நோயாளி, மேற்கு ஆப்பிரிக்கக் காலபார் கொட்டையின் சாரத்தைச் சொட்டு மருந்தாகப் பயன்படுத்தினார். அதையொட்டி பிரேசிலின் ஜபொராண்டி இலையிலிருந்து எடுத்த பைலோகார்பின் வந்தது. 1905இல் நார்வேயின் ஷியோட்ஸ் கண் அழுத்தத்தை அளக்கும் கருவியைச் செய்தார். இலையோ கொட்டையோ, அழுத்தத்தைக் குறைத்ததா என்று இனி எண்ணில் பார்க்கலாம்.

அடுத்த திருப்பம் நம்ம ஊரில் நடந்தது. 1819இல் தொடங்கிய மதராஸ் கண் மருத்துவமனையில், 1909இல் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற மருத்துவர் விழியின் ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டு நீரை வடியவிட்டார். உலகம் முழுக்க 'எலியட் முறை' என்று அது பரவியது. மதராஸ் மாகாணத்து ஏழைகளின் கண்கள்தான் அவர் கைக்குப் பழக்கம் தந்தவை.

அதே மாகாணத்திலிருந்துதான் எங்கள் ஆட்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கினார்கள். 1929இல் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபிறகு கேமரன் மலையில் தேயிலை பரவியது. சிகிச்சை பிறந்த மண்ணிலிருந்து கிளம்பியவர்களின் பேத்தி, அதே நோயில், சிகிச்சையே இல்லாமல் பார்வை இழந்தார். ஊரிலேயே இருந்திருந்தாலும் தப்பியிருப்பாரா? 2003இல் வெளியான அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வில், தென் தமிழகக் கிராமங்களில் முதன்மைத் திறந்தகோண குளுக்கோமா கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

சரி, தேயிலை? அம்மா கேள்விப்பட்டது முழுப் பொய்யில்லை. ஆக்சிஜன் சிதைவால் பார்வை நரம்பின் செல்களும் நீர் வடியும் சல்லடையும் கெடுகின்றன என்பது ஆய்வாளர்களின் நெடுநாள் சந்தேகம். அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றை வைத்து 2017இல் வந்த ஆய்வில், தினமும் சூடான தேநீர் குடிப்பவர்களிடம் குளுக்கோமா வாய்ப்பு 74 சதவீதம் குறைவு. ஆனால் அதில் நோயாளிகள் 84 பேர்தான். எந்தத் தேநீர், எவ்வளவு நேரம் கொதித்தது என்ற விவரம் கிடையாது. ஒரே நேரத்தில் கேட்ட கேள்விகளை வைத்து எது எதற்குக் காரணம் என்று சொல்லவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த 2003 ஆய்வு, உணவின் ஆன்டி ஆக்சிடன்ட்டுக்கும் இந்த நோய்க்கும் வலுவான தொடர்பு எதையும் காணவில்லை. அதே குழுவினரை வைத்து 2016இல் வந்த ஆய்வில், கீரை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 20 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு அவர்கள் முன்வைத்த காரணம் கீரையின் நைட்ரேட். ஆன்டி ஆக்சிடன்ட் அல்ல.

இலைமேல் எனக்குக் கோபமில்லை. பைலோகார்பினும் இலைதான். ஆனால் அது அழுத்தத்தைக் குறைத்தது, குறைந்ததை அளந்தார்கள். இன்றுவரை இந்த நோயைத் தள்ளிப்போடும் என்று நிரூபணமான ஒரே வழி அழுத்தத்தைக் குறைப்பதுதான். செத்த நரம்பு திரும்பாது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஜபொராண்டி இலையில் மட்டும் கொஞ்சம் ஆர்வமாகக் கேட்டார். பிறகு, "அப்ப தேத்தண்ணி குடிக்கக் கூடாதா?" என்றார். "குடிங்கம்மா. சொட்டு மருந்து போட்டுட்டுக் குடிங்க."

மறுவாரம் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம் என்பதால் என் கண்ணையும் பார்த்தார்கள். தாடையைக் கருவியில் வைத்து, ஓரத்தில் மின்னும் புள்ளிகளைக் கண்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இந்தப் புள்ளிகளைப் பாட்டிக்கு யாரும் காட்டியதில்லை.