தாளம் தப்பிய மாயா

போன வாரம் மாயாவைக் கப்பலில் ஏற்றிவிட்டு 'தொடரும்' போட்டுவிட்டேன் என்று கோபமா? இதோ, தீவுக்கே வந்துவிட்டோம்!

கரீபியன் கடலில் பெக்வே என்றொரு சின்னத் தீவு. தோழி ஜஸ்டின் ஃபிரிஷ்மனோடு விடுமுறைக்கு வந்திருக்கிறாள் மாதங்கி அருள்பிரகாசம் என்கிற மாயா. ராத்திரியானால் ஒரு கோழிக்கொட்டகையில் ஸ்பீக்கர் அலறும். தெருவே ஆடும். மாயாவும் ஆடினாள்.

ஆடியவர்கள் அவளைத் தேவாலயத்துக்கும் அழைத்தார்கள். அல்லேலூயா! எல்லாக் கைகளும் சேர்ந்து தட்டுகின்றன. மாயாவின் கை மட்டும் தனியே தட்டுகிறது.

ஆராதனை நின்றது.

நேற்று அத்தனை அழகாக ஆடினாயே, இன்று என்ன ஆச்சு என்று கேட்டார்கள். எல்லோர் முன்னாலும் தாளம் தட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். மாயாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி லண்டன் வந்து, சினிமா படித்த பெண். அதுவரை அடுத்தவர் பாடுவதைப் படம்பிடித்தவள். பாடகி பீச்சஸ்தான் அவளுக்கு ரோலண்ட் 505-ஐக் காட்டி ஆசை மூட்டியவர். பொத்தானை அழுத்தினால் தாளம் கொட்டும் பெட்டி அது.

லண்டன் திரும்பியதும் அந்த 505, பழைய டேப் ரெக்கார்டர், ஒரு மைக். அவ்வளவுதான் ஸ்டூடியோ! பாட்டு தயார். ஆனால் பாடுவது யார்? கரீபியன் பெண்குரல் தேடினாள். அமையவில்லை. நீயே பாடேன் என்றார்கள் நண்பர்கள்.

பாடினாள்.

அதுதான் 'கலாங்'. இசைத் தயாரிப்பாளர்கள் ஸ்டீவ் மெக்கியும் ராஸ் ஆர்ட்டனும் கைகோத்தார்கள். 2003-இல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் இசைத்தட்டு போட்டது. எத்தனை? வெறும் 500! டிஜேக்கள் விடவில்லை. கிளப்புகளில் சுழன்றது, இணையத்தில் பரவியது. எக்ஸ்எல் நிறுவனம் ஓடிவந்து ஒப்பந்தம் போட்டது. மெக்கியும் ஆர்ட்டனும் 'கேவ்மென்' என்ற பெயரில் ஒரு ரீமிக்ஸ், செர்ஜ் சான்டியாகோ இன்னொன்று. கைதட்டத் திணறியவளின் குரலுக்கு விதவிதமாகத் தாளம் கட்டினார்கள்! தாளம் தப்பிவிடுமோ என்று வாயை மூடியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

அடுத்து முதல் ஆல்பம். பெயர்? 'அருளர்' என்றாள். ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான அப்பாவின் இயக்கப் பெயர்! போராட்டம் போராட்டம் என்று வீட்டில் தங்காத அப்பா. தன் பெயரை இணையத்தில் தேடினால் மகள் கண்ணில் படுவாள் அல்லவா? அதுதான் கணக்கு.

கணக்கு பலித்தது. மின்னஞ்சல் வந்தது.

அனுப்பியவர் அப்பா. உள்ளே ஓர் உத்தரவு.

அதற்கு மாயா பணிந்தாளா?

(அடுத்த வாரம்)