பெயர் பெறுமுன் மறைந்த பறவை

வடகிழக்குப் பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்தில், முரிசி என்னும் ஊரையடுத்த மலைக்காட்டில் 1979-ஆம் ஆண்டு செம்பழுப்பு நிறப் பறவையொன்று கண்டறியப்பட்டது. தெய்ஷேரா, கொன்சாகா என்னும் இரு பிரேசிலிய அறிஞர்கள் 1983-இல் அதனைப் புதிய இனமாக விவரித்து, பறவையியலாளர் பெர்னாண்டோ நோவாயெசின் பெயரால் ‘ஃபிலிடோர் நோவாயெசி’ எனப் பெயரிட்டனர். களிமண்ணால் அடுப்பு வடிவில் கூடு கட்டும் ஓர்னேரோ பறவை இடம்பெற்றுள்ள ஃபர்னாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது அது.

1986-இல் அதே காட்டில் பிடிபட்ட பறவைகளும் நோவாயெசி என்றே குறிக்கப்பட்டு ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தன. 2002-இல் முரிசிக் காட்டில் கேட்ட ஒரு குரல் நோவாயெசியின் குரலோடு பொருந்தாமையை அர்ஜென்டினா பறவையியலாளர் ஹுவான் மசார் பார்னெட் உணர்ந்தார். அந்த ஐயம் அருங்காட்சியகப் பேழைவரை சென்றது. ஒரே பெயர்ச்சீட்டின் கீழ் இரண்டு இனங்கள் இருந்தன.

நிறத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. வேறுபாடு உடலிலும் தொழிலிலும் இருந்தது. நோவாயெசி சிறியது, சருகுகளையும் மரப்பட்டைகளையும் கிளறிப் பூச்சி தேடுவது. ‘வடகிழக்கின் இலைதுடைப்பான்’ என்பது அதன் போர்த்துகீசியப் பெயரின் பொருள். மற்றது உடல் பருத்தது, அலகு பெரியது. கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலையடுக்குகளைத் துழாவி இரை கொள்வது. அதனை ‘வடகிழக்கின் கூவி’ என்றழைத்தனர். முதிர்ந்த மரங்களிலேயே அச்செடிகள் செழிக்கும். பழங்காடு அழிந்தால் அப்பறவையின் உணவுக்கலமே உடைந்துபோகும்.

காடு அழிந்த வரலாறு நெடியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அக்கடற்கரையில் கரும்பை வேரூன்றச் செய்தனர். எண்ணெய் விலையேற்றத்தை அடுத்து 1975-இல் பிரேசில் அரசு தொடங்கிய எரிசாராயத் திட்டம் கரும்பு வயல்களை மேலும் விரித்தது. எஞ்சிய காடுகள் கரும்புக் கடலிடைத் தீவுகளாயின. முரிசிக் காட்டின் ஒரு பகுதி 2001-இல் காப்பகமானது; அதற்குள் காலம் கடந்திருந்தது.

பெரிய பறவை கடைசியாகக் காணப்பட்டது 2007-இல், பெர்னாம்புகோ மாநிலத்தின் ஃப்ரெய் கனேகா காட்டில். அதே காட்டில் நோவாயெசி 2011-இல் இறுதியாகக் காணப்பட்டது. மசார் பார்னெட் 2012-இல் காலமானார். அவரும் தாந்தே புசெத்தியும் எழுதிய கட்டுரை 2014-இல் வெளியானபோது, புதிய இனம் ‘சிக்லோகொலாப்டஸ் மசார்பார்னெட்டி’ என அவர் பெயரையே தாங்கியது. பெயர் சூட்டப்பட்டபோது அதனைக் கண்டவர் எவருமின்றி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2018-இல் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ஆய்வு இரண்டையும் அற்றுப்போனவற்றுள் சேர்த்தது.

ஓரினத்தைக் காக்க வேண்டுமெனில் முதலில் அதற்கொரு பெயர் வேண்டும். சட்டமும் நிதியும் பெயருக்கே ஒதுக்கப்படுகின்றன. மசார்பார்னெட்டிக்கு அது கிட்டவில்லை. நோவாயெசிக்கோ 1983 முதலே பெயர் இருந்தது, காடு இல்லை.