கயிற்றின் மறுமுனையில் ஒரு பெண்

பள்ளங்கியில் என் அப்பத்தாவுக்குக் கடைசிப் பத்து ஆண்டுகள் கண் தெரியாது. பூண்டுக் காட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் என் தோள்மேல் கைவைத்து நடப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. "பேத்தி கிழவியைக் கூட்டிக்கிட்டுப் போறா" என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். பாதையோ அப்பத்தாவுக்குத்தான் தெரியும். "மெதுவா வாடி, அடுத்த திருப்பத்துல பாறை ஈரமா கிடக்கும்" என்று அவர் சொன்ன இடத்தில் பாறை ஈரமாகத்தான் கிடக்கும். அவர் எனக்கு வழி சொன்னார், நான் அவருக்குக் கண்ணாக இருந்தேன். அவரைக் கூட்டிப்போக ஆள் இல்லாத நாட்களில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. என் அண்ணன் போனான்.

பார்வையற்ற பெண்களின் டிரையத்லான் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அந்தப் பாதைதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஓட, இருவருக்கும் நடுவில் ஒரு சிறு கயிறு. இதில் யார் யாரை நடத்துகிறார்கள்?

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி முடிக்கும் போட்டி. பாராலிம்பிக்கில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். பார்வையற்றவர் வழிகாட்டியோடு கயிற்றால் இணைந்து நீந்துகிறார். பிறகு இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிள். முன்னால் வழிகாட்டி, பின்னால் போட்டியாளர். கடைசியில் மறுபடியும் கயிறு கட்டி ஓட்டம். வழிகாட்டி இழுக்கவோ தள்ளவோ கூடாது. முற்றிலும் பார்வை இல்லாதவர்கள், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குச் சில நிமிடம் முன்னதாகவே புறப்படுவார்கள்.

1960இல் ரோமில் தொடங்கிய பாராலிம்பிக்கில் முதலில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. பார்வையற்றவர்கள் உள்ளே வந்தது 1976இல், டொரண்டோவில். டிரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000இல், சிட்னியில். பாராலிம்பிக்கில் அது சேர இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. 2016இல் ரியோவில் நடந்த முதல் பாரா டிரையத்லானில் பார்வையற்ற பெண்களுக்குப் போட்டி இருந்தது, பார்வையற்ற ஆண்களுக்கு இல்லை. ஆண்கள் டோக்கியோ வரை காத்திருந்தார்கள். விளையாட்டு வரலாற்றில் பெண்கள் முன்னால் போய் ஆண்கள் பின்னால் வந்த இடங்கள் குறைவு. அதனால் இதைக் குறித்து வைக்கிறேன்.

அந்த முதல் போட்டியில் தங்கம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் கேட்டி கெல்லி. கேட்கும் திறனையும் பார்வையையும் சேர்த்துக் குறைக்கும் அஷர் நோய்க்குறி உள்ளவர். அவரோடு கோபகபானா கடற்கரையில் நீந்தி ஓடிய வழிகாட்டி மிஷெல்லி ஜோன்ஸ். சிட்னியில் நடந்த முதல் ஒலிம்பிக் டிரையத்லானில் வெள்ளி வென்றவர், 2006இல் அயர்ன்மேன் உலகப் பட்டம் பெற்றவர். தன் பெயருக்காக அத்தனை ஆண்டுகள் ஓடிய ஒருத்தி, பிறகு இன்னொருத்தியின் வேகத்துக்குத் தன் காலடியை அளந்து ஓடினாள்.

இதைத் தியாகம் என்று சொல்லிவிடுவது சுலபம். பெண் ஒருத்தி இன்னொருவருக்காக எதைச் செய்தாலும் நம் மொழியில் தயாராக இருக்கும் சொல் அது. ஆனால் ஜோன்ஸ் செய்தது வேலை. அதற்குப் பயிற்சி உண்டு, விதி உண்டு, மேடையில் இடம் உண்டு. வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு. நம் வீடுகளில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கண்ணாக இருக்கும் பெண்பிள்ளைகளின் உழைப்புக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அது உழைப்பு என்றுகூட யாரும் எண்ணுவதில்லை.

பாரா டிரையத்லானில் இன்னொரு விதி, வழிகாட்டி போட்டியாளரின் நாட்டவராகவும் அதே பாலினத்தவராகவும் இருக்க வேண்டும் என்பது. தடகளத்தில் பாலினக் கட்டுப்பாடு இல்லை, பெண்ணுக்கு ஆண் வழிகாட்டலாம். முதலில் படித்தபோது இது சின்ன விஷயமாகத் தெரிந்தது. யோசித்தால், பார்வையற்ற ஒரு பெண் டிரையத்லானில் இறங்க, அவள் நாட்டிலேயே அவளைவிட வேகமாக நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் தெரிந்த இன்னொரு பெண் இருந்தாக வேண்டும். ஒருத்திக்குக் கதவு திறக்க, அதற்கு முன்பே பல பெண்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஸ்பெயினில் அது நடந்தது. அல்பினிசத்தால் பத்து சதவீதத்துக்கும் குறைவான பார்வை கொண்ட சுசானா ரோட்ரிகஸ் ஒரு மருத்துவர். ரியோவில் ஐந்தாவதாக வந்தார். 2020இல் கொரோனா நோயாளிகளைத் தொலைபேசி வழியே கவனித்துக்கொண்டே பயிற்சி செய்தார். 2021இல் டோக்கியோவில் சாரா லோஹரோடு தங்கம். 2024இல் பாரிசில் சாரா பெரெஸோடு மறுபடியும் தங்கம். ஒரு வழிகாட்டி விலகினால் அந்த இடத்துக்கு வர இன்னொரு பெண் அங்கே இருந்தாள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2016, 2021, 2024 ஆகிய மூன்று பாராலிம்பிக்கிலும் டிரையத்லானில் இந்தியப் பெண் எவரும் இல்லை. ஆனால் ஓடுதளத்தில் ரக்ஷிதா ராஜு இருக்கிறார். கர்நாடகத்தின் சிக்கமகளூர் பக்கம், நம் கொடைக்கானலைப் போலவே மலை நாடு. பிறவியிலேயே பார்வை இல்லை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரை வளர்த்தது, காது கேளாத, வாய் பேசாத பாட்டி. அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கையால்தான் பேசியிருக்க வேண்டும். 2018இல் ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டில் 1500 மீட்டரில் ரக்ஷிதா தங்கம் வென்றார். 2023இல் ஹாங்சோவில் மீண்டும் தங்கம். அதே போட்டியில் வெண்கலம் வென்ற லலிதா கில்லாகாவும் இந்தியர். 2024இல் ரக்ஷிதா பாரிஸ் பாராலிம்பிக் வரை போனார், இறுதிச் சுற்றை எட்டவில்லை. அவருடைய வழிகாட்டி ராகுல் பாலகிருஷ்ணா ஓர் ஆண். இது குறையில்லை, அவர்கள் கூட்டு பல ஆண்டு உழைப்பில் வந்தது. ஆனால் அதே ரக்ஷிதா நாளை டிரையத்லானுக்கு மாற நினைத்தால், அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஒரு பெண்ணைத் தேட வேண்டும். ஊருக்கு ஊர் பெண்பிள்ளைகள் நீச்சல் பழகாமல், வயது வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கும் நாட்டில், அவளை எங்கே தேடுவது?

கயிறு என்பது என்ன என்ற கேள்வியை பாரிஸ் இன்னொரு விதத்திலும் எழுப்பியது. பார்வைக் குறைபாடுள்ள பெண்கள் மாரத்தானில், ரியோவில் தங்கம் வென்ற, நான்கு பிள்ளைகளின் தாயான ஸ்பெயினின் எலேனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில அடி தூரத்தில் வழிகாட்டிக்குத் தசை பிடித்துக்கொண்டது. அவர் விழாமல் தாங்க எலேனா ஒரு கணம் கயிற்றை விட்டார். கயிற்றை விட்டது விதிமீறல் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். சுமார் மூன்று நிமிடம் பின்னால் வந்த ஜப்பானின் மிசாதோ மிச்சிஷிதாவுக்கு வெண்கலம் போனது.

விதி தேவை என்பதை மறுக்கவில்லை. கயிறு இல்லாவிட்டால் யார் ஓடினார், யார் ஓட்டப்பட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள், பார்வை உள்ளவர்தான் எப்போதும் தாங்குவார், பார்வையற்றவர் எப்போதும் தாங்கப்படுவார் என்று எண்ணிவிட்டார்கள். தாங்கும் கை மாறக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஈரப் பாறையில் நான் வழுக்கிய நாளில் என்னைப் பிடித்து நிறுத்தியது அப்பத்தாவின் கைதான்.

பள்ளங்கிக்குப் பக்கத்தில் அட்டுவம்பட்டியில், 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. விடிகாலைப் பனியில் மேட்டுச் சாலையில் ஓடும் மாணவிகளை அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்களும் அப்படி ஓடுகிறவராக இருக்கலாம். உங்கள் கல்லூரியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தால், அவளுக்குத் தேர்வு எழுதித் தரவும் பாடம் வாசித்துக் காட்டவும் நீங்கள் போயிருப்பீர்கள். ஓட வருகிறாயா என்று கேட்டிருக்கிறீர்களா? ஒரு முழக் கயிறு போதும். முதல் நாளே அவள் வேகத்துக்கு உங்களால் ஈடுகொடுக்க முடியாமலும் போகலாம். அதற்கும் தயாராகப் போங்கள்.