வராமற்போன இரண்டாம் பாகம்

பதின்ம வயதினர் கண்விழித்துப் படித்த கதை வரிசை ஒன்றின் கடைசி நூலை இரண்டு திரைப்படங்களாக எடுத்து, முதலாவதைக் காட்டிவிட்டு, மற்றதற்கு நாள் குறித்து நம்மை வீட்டுக்கு அனுப்பிவைத்த அந்த வழக்கம் இன்று நம்மிடையே இல்லை. அது மறைந்த நாள் என்று எதையாவது குறிக்க வேண்டுமானால் 2018 டிசம்பரைச் சொல்லலாம். 'டைவர்ஜென்ட்' வரிசையின் முடிவைத் தொலைக்காட்சிக்காகவாவது எடுப்பது என்றிருந்த எண்ணமும் கைவிடப்பட்டதாக அமெரிக்கத் திரையுலக ஏடுகளில் சிறு செய்தி வந்த மாதம் அது. பெரிய தலைப்புகள் எவையும் வரவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே படுத்த படுக்கையாகிவிட்டதால், பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். துக்கம் விசாரிக்கப் புதிதாக யாரும் வரவில்லை.

அதன் குலத்து மூத்தவர்கள் எல்லோரும் நல்ல பெயர் எடுத்தவர்கள் அல்லர். 1970களில் அலெக்சாண்டர் சால்கைண்டும் அவர் மகன் இலியாவும் 'த்ரீ மஸ்கட்டியர்ஸ்' கதையைப் படமாக்கியபோது, நடிகர்கள் ஒரு படத்துக்கென்று உழைத்துக் கொடுத்தார்கள். வெளிவந்ததோ இரண்டு படங்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. நடிகர்களின் உழைப்பு எத்தனை படங்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்ற விதி அதற்குப் பின்னர்தான் வந்தது. அந்த விதி இன்றும் சால்கைண்டின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து 'கில் பில்' ஒரே படமாக எடுக்கப்பட்டு 2003, 2004 என்று இரு முறை திரைக்கு வந்தது. நாம் இழந்த வழக்கமோ இந்தக் குடும்பத்தில் பிறந்தும் யாரையும் ஏய்க்கவில்லை. இரண்டு படம் என்று முன்கூட்டியே சொன்னது. எந்த நாளில் என்றும் சொன்னது. அந்த நேர்மையைத்தான் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிறந்தது 2008 மார்ச்சில். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நூலான 'டெத்லி ஹாலோஸ்' அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 21 அன்று வெளிவந்திருந்தது. அதை இரண்டு படங்களாக எடுக்கப்போவதாக வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அறிவித்தபோது, ஒரு நூலுக்கு இரண்டு நுழைவுச்சீட்டா என்று பலர் முகம் சுளித்தார்கள். அந்த ஐயம் தவறென்று இந்தத் துக்கத்திலும் சொல்ல மாட்டேன். பணம் அந்தக் கருவறையிலேயே இருந்தது. ஆனால் ஐந்தாம் நூலுக்கு நேர்ந்ததை நேசித்துப் படித்தவர்கள் யாரும் மறந்திருக்கவில்லை. பிரிட்டன் பதிப்பில் 766 பக்கங்கள் கொண்ட அந்த நூல், வரிசையிலேயே மிகப் பெரியது, 138 நிமிடங்களில் அடக்கப்பட்டது. மருத்துவமனையில் மனம் சிதைந்து கிடக்கும், ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் தாய், மகன் கையில் ஒரு மிட்டாய்க் காகிதத்தை வைத்துவிட்டுப் போகும் காட்சி அந்தப் படத்தில் இல்லை. நான்காம் நூலின்போதே இரண்டாக்கலாமா என்ற பேச்சு எழுந்து, ஒரு படமே போதும் என்று இயக்குநர் மைக் நியூவெல் முடித்துக்கொண்டதும் உண்டு. இப்படி வெட்டப்பட்ட பக்கங்களின் மேல் இருந்த ஆதங்கம்தான் இந்தப் பிள்ளையைப் பெற்றது என்றால், அது பாதியாவது உண்மை.

அது செய்த பெருந்தொண்டு 2010 நவம்பரில் வந்த முதல் பாகம். டேவிட் யேட்ஸ் இயக்கி, ஸ்டீவ் க்ளோவ்ஸ் திரைக்கதை எழுதிய அந்தப் படத்தில் பள்ளிக்கூடம் ஏறக்குறைய இல்லை. மூன்று பிள்ளைகள் ஒரு கூடாரத்தோடு காடு காடாக அலைகிறார்கள், அவ்வளவுதான். தன் பெற்றோரின் நினைவிலிருந்து தன்னையே அழித்துவிட்டு ஹெர்மைனி வீட்டை விட்டு வெளியேறுவது நூலில் பேச்சோடு பேச்சாகக் கடந்துபோகிற செய்தி. படம் அதைத் தொடக்கத்திலேயே கண்முன் நிறுத்தியது. காணாமற்போனவர்களின் பெயர்களை வானொலி ஒவ்வொன்றாக வாசிக்கிறது. ரான் கோபித்துக்கொண்டு போனபின் ஓர் இரவில், ஹாரியும் ஹெர்மைனியும் கூடாரத்துக்குள் சற்று நேரம் ஆடுகிறார்களே, அந்த ஆட்டம் நூலில் எங்குமே கிடையாது. நேரம் கையில் இருந்ததால் வந்து சேர்ந்த காட்சி அது. மூன்று சகோதரர்களின் கதையை பென் ஹிபன் நிழலுருவங்களால் அசையவிட்டதற்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது. ஒன்றுமே நடக்கவில்லை என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. எட்டுப் படங்களிலும், போரில் பிள்ளைகள் உண்மையில் எப்படி இருப்பார்கள் என்பதை உணர்த்தியது அந்த ஒன்றும் நடக்காத ஒரு மணி நேரம்தான் என்பது என் துணிபு.

பிறகு அது எந்த இடத்தில் நின்றது என்பது நினைவிருக்கும். தங்களைக் காப்பாற்றி உயிர்விட்ட டாபியை ஹாரி தன் கையால் தோண்டிய குழியில் புதைக்கிறான், டம்பிள்டோரின் கல்லறையைப் பிளந்து வோல்டமார்ட் மந்திரக்கோலை எடுக்கிறான், திரை இருள்கிறது. ஒரே படமாக இருந்திருந்தால் டாபியின் சாவு வங்கிக் கொள்ளைக்கும் பெரும்போருக்கும் நடுவே பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். நாமோ அந்த ஒரு சாவை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எட்டு மாதம் அதோடு இருந்தோம். அந்தக் காட்சி படமாக்கப்பட்ட வேல்ஸ் நாட்டுக் கடற்கரையான ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட்டில் இன்றும் அந்தக் கற்பனை உயிருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் கூழாங்கற்களில் எழுதி வைக்கிறார்கள், காலுறைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடற்கரையைப் பேணும் அறக்கட்டளை 2022இல், நினைவிடம் இருக்கட்டும், காலுறைகள் போன்ற பொருள்களை வைக்க வேண்டாம், கடலுக்குக் கேடு என்று கேட்டுக்கொண்டது. ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தியதால் மணலில் எழுந்த கல்லறை இது. வேறு எந்த வணிக ஏற்பாட்டுக்கு இப்படி ஒன்று வாய்த்தது?

இரண்டாம் பாகத்தின் முதற்காட்சி 2011 ஜூலை 7 அன்று லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நடந்தது. முதல் படம் வந்தபோது பதினொரு வயதில் பெற்றோரின் கையைப் பிடித்துப் போனவர்கள், இப்போது இருபதைக் கடந்து தாங்களாகவே வந்திருந்தார்கள். வரிசையிலேயே நேரத்தில் மிகக் குறுகிய படம் அதுதான், 130 நிமிடங்கள். உலகெங்கும் ஈட்டியதோ 130 கோடி டாலருக்கு மேல். முதல் பாகமும் 96 கோடி அளவுக்கு ஈட்டியிருந்தது. இந்த எண்கள் வருமுன்பே ஹாலிவுட்டின் மற்ற வீடுகளிலிருந்து இதற்கு அழைப்பு வரத் தொடங்கியிருந்தது.

அடுத்துப் புகுந்த வீடு 'ட்வைலைட்'. 'பிரேக்கிங் டான்' நூலை பில் காண்டன் ஒருசேரப் படமாக்க, 2011, 2012 நவம்பர்களில் இரு பாகங்களும் வந்தன. நூலின் முடிவில் இரண்டு படைகள் பனிவெளியில் எதிரெதிரே நின்று, பேசி, கலைந்து போகின்றன. ஒரு முழுப் படத்துக்கு அது போதாது. அதனால் பெரும்போர் ஒன்றைப் புதிதாக நிகழ்த்தி, நூலில் சாகாதவர்களின் தலைகளை உருட்டி, எல்லாம் ஆலிஸ் முன்னுணர்ந்து காட்டிய காட்சியே என்று கடைசியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நூலை வரிவரியாக அறிந்தவர்களே அரங்குகளில் அலறினார்கள். படித்துவந்தவர்களையும் ஏமாற வைத்து மகிழ்வித்த அந்தக் குறும்பை, அதன் இளமைக் கால விளையாட்டாகவே இன்று நினைக்கத் தோன்றுகிறது.

'மாக்கிங்ஜே'யில்தான் உடல் தளரத் தொடங்கியது. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் இரண்டாம் நூலும் மூன்றாம் நூலும் அமெரிக்கப் பதிப்பில் 391, 390 பக்கங்கள். ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாம் நூல் ஒரே படத்தில் நிறைவாக அடங்கி 86 கோடி டாலர் ஈட்டியிருக்க, மூன்றாவதற்கு ஏன் இரண்டு படம் என்ற கேள்விக்குப் பக்கக் கணக்கில் விடையில்லை. (நம் 'பொன்னியின் செல்வ'னை இதனோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. ஐந்து பாகங்களை இரண்டு படங்களுக்குள் திணிப்பதும் ஒரு சிறு நூலை இரண்டாக நீட்டுவதும் நேர் எதிரான செயல்கள்; அது வேறு குடும்பம்.) ஆயினும் அந்த முதல் பாகத்தைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. புரட்சிக்காகப் பரப்புரைப் படங்கள் எடுக்கப்படும் விதத்தை, நிலத்தடிப் பதுங்கிடத்தின் சாம்பல் வெளிச்சத்தை, நாயகி காட்னிஸ் மெல்லிய குரலில் தொடங்கும் தூக்குமரப் பாட்டு போராளிகளின் வாய்க்குப் போய்ச் சேர்வதை எல்லாம் இவ்வளவு நிதானமாகக் காட்ட, இளையோருக்கான வேறு எந்தப் படம் துணிந்தது?

இடையில் 2014 பிப்ரவரியில், வரிசையின் நடிகர்களில் ஒருவரான ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் இறந்தார். இரண்டாம் பாகத்தில் அவர் நேரில் பேசியிருக்க வேண்டிய சொற்கள், அவர் எழுதிய கடிதமாக மாறி வுடி ஹாரல்சனின் வாயில் ஒலித்தன. அந்தப் பாகம் 2015 நவம்பரில் வந்தது. வரிசையின் முடிவைக் காண வந்த கூட்டம் முதல் பாகத்துக்கு வந்ததைவிடக் குறைந்திருந்தது: சுமார் 75 கோடி டாலர், 65 கோடியாயிற்று. ஹாரி பாட்டர் வீட்டிலும் ட்வைலைட் வீட்டிலும் இறுதிப் பாகமே பெரும்பாகம். விடைகொடுக்க வருகிறவர்கள் குறைவது அதுவரை கண்டிராத ஒன்று. அதை நோயின் அறிகுறியென்று அன்று எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

கடைசி வீடு 'டைவர்ஜென்ட்'. வெரோனிகா ராத்தின் மூன்றாம் நூலான 'அலீஜியன்ட்' இரண்டு பாகங்களாகவே அறிவிக்கப்பட்டது. பிறகு 2015 செப்டம்பரில் முதலாவதற்கு அதே பெயரும் இரண்டாவதற்கு 'அசெண்டன்ட்' என்ற புதுப் பெயரும் சூட்டி, பாகம் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். தன் அடையாளத்தை அது மறைத்துக்கொள்ள நேர்ந்தது அப்போதுதான். 2016 மார்ச்சில் படம் வந்தது. அமெரிக்காவில் முதல் படம் 15 கோடி டாலரும் இரண்டாவது 13 கோடியும் ஈட்டியிருக்க, இது 6.6 கோடியில் நின்றுவிட்டது. இறுதிப் படம் 2017 ஜூனில் என்று நாள் குறித்திருந்தார்கள், இயக்குநரும் மாறியிருந்தார். ஆனால் 2016 ஜூலையிலேயே அதைத் திரையரங்குக்கு அனுப்பாமல் தொலைக்காட்சிப் படமாக்கப் போவதாகச் செய்தி கசிந்தது. தொலைக்காட்சிக்கென்று தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று நாயகி ஷெய்லீன் வுட்லி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஜூன் வந்து போயிற்று.

நூலில் நாயகி ட்ரிஸ் இறந்துவிடுகிறாள். தனக்குத் துரோகம் செய்த அண்ணனுக்குப் பதிலாகத் தானே சாவுக்குள் நுழைகிற அந்த முடிவுக்காக ராத் வாசகர்களிடம் வாங்காத வசவு இல்லை. அந்த முடிவை நோக்கித்தான் மூன்று நூல்களும் நடந்தன. திரையில் அவளுக்கு அந்தச் சாவு கிடைக்கவில்லை. படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் எதற்காகப் பிறந்தாள் என்பதே தெரியாது. சொன்ன நாளில் வந்து நிற்பதை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த வழக்கம் ஒரே ஒரு முறை வாக்குத் தவறியது. அந்த ஒரு முறையோடு போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 'மேஸ் ரன்னர்' வரிசை தன் இறுதி நூலை 2018இல் ஒரே படமாக முடித்துக்கொண்டது. 'மாக்கிங்ஜே'யை இரண்டாக்கியதற்கு வருந்துவதாக அதன் இயக்குநர் ஃபிரான்சிஸ் லாரன்ஸ் 2023இல் சொன்னார். அந்த ஆண்டு அவர் எடுத்த 'ஹங்கர் கேம்ஸ்' முன்கதை, 500 பக்கத்தைத் தாண்டிய நூல், 157 நிமிடங்களில் ஒரே படமாக வந்தது. காத்திருக்க வைத்ததில் மக்களுக்கு வந்த எரிச்சலைக் கண்டவர் அவர், அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த எரிச்சலோடுதான் அடுத்த நவம்பரில் வரிசையில் நின்றோம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

வாரிசுகள் இல்லாமலில்லை. 'விக்கெட்' மேடை நாடகம் 2024, 2025 நவம்பர்களில் இரு படங்களாக வந்தது. தூரத்து உறவு, நடை மட்டும் அதே சாயல். நேரடி வாரிசு தொலைக்காட்சிதான். ஹாரி பாட்டரையே எச்பிஓ நூலுக்கொரு பருவமாகத் தொடராக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தது. மணிக்கணக்கில் இடம் இருக்கும்போது ஏழாம் நூலை எங்கே வெட்டுவது என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நெவிலின் தாயின் மிட்டாய்க் காகிதமும் ஒருவேளை திரைக்கு வந்துவிடும். காத்திருப்பும் போய்விடவில்லை. ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இப்போதெல்லாம் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று போகிறது. ஆனால் முதல் பருவம் முடிந்த அன்று, அடுத்தது எப்போது, வருமா வராதா என்று கேட்டால், அதைச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.