குளிரூட்டி வடிகுழாய் (டொராண்டோ)

வணிகக் கட்டடங்களின் ஏசியில், குளிர்ச்சுருளில் படியும் காற்றின் ஈரத்தைத் தட்டில் ஏந்தி வெளியேற்றும் குழாய். ஒன்டாரியோ ஏரிக்கரை நகரமான டொராண்டோவில் கோடைப் புழுக்கம் கடுமையானது. ஈரத்தை அகற்றச் செலவாகும் ஒவ்வொரு கிலோவாட் குளிர்ச்சிக்கும் மணிக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் நீர் வடியும். 2004 முதல் ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 4 பாகை நீரை எடுத்து நகர்மையக் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். அங்கும் சுருள் வியர்க்கும், வடிகுழாய் வேண்டும்.

குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சரிவு தேவை. பலரும் அலட்சியம் செய்வது, குழாயில் நீர் தேங்கி நிற்கும் யூ வடிவ வளைவான ட்ராப்பைத்தான். விசிறி சுருளுக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் இயந்திரத்தில், தட்டுப் பகுதியில் உறிஞ்சல் அழுத்தம் நிலவும். அது 250 பாஸ்கல் என்றால் 25 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கிப் பிடிக்கும். ட்ராப்பில் அதைவிட ஆழமாக நீர் நிற்காவிட்டால் வெளிக்காற்று குழாய்வழியே உள்ளே பாயும். நீர் வடியாமல் தட்டு நிரம்பிக் கூரை ஒழுகும். பழி பெரும்பாலும் கூரைக்காரர் தலையில் விழும்.

குழாயைக் கழிவுநீர்க் குழாயுடன் நேரடியாகப் பொருத்தாமல், காற்றிடைவெளி விட்டு வடியவிடுவார்கள். மொட்டைமாடி இயந்திரங்களின் ட்ராப் குளிர்காலத்தில் உறைந்து வெடிக்கும் என்பதால் இலையுதிர்காலத்தில் வடித்து, வசந்தத்தில் மீண்டும் நீர் நிரப்ப வேண்டும். அடைப்பு ஏற்பட்டால் தட்டிலுள்ள மிதவை சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்திவிடும்.