அவுரித் தொட்டியும் ஆடைக் கல்லூரியும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிப் படிப்பை முடித்து, ஆடை வடிவமைப்புப் பயில விழைவோர் பலர் சென்னைத் தரமணியை நாடுகின்றனர். 1986-இல் தில்லியில் தோன்றிய தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், 1995-இல் சென்னையிலும் ஒரு கல்லூரி கண்டது. அங்கே துணியும் சாயமும் பாடமாகும்போது, நம் மாணவர் தம் ஊர் வரலாற்றையே படிக்கின்றனர்.

விழுப்புரம் மாவட்டம் 1993-இல் உருவாகுமுன் இப்பகுதி தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்தது. அங்கே அவுரி பெரிதும் பயிராயிற்று. இலையைத் தொட்டியில் ஊறவைத்துப் புளித்த நீரை அடித்துக் கலக்குவர். பசுமை படர்ந்த அந்நீர் காற்றுப்பட்டு நீலமாகும். (அதன் நாற்றத்தை ஒருமுறை நுகர்ந்தவர் எளிதில் மறவார்!) அடியிற் படிந்த வண்டலைக் காய்ச்சிக் கட்டிகளாக உலர்த்துவர். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல்வரை சென்றது. அங்கே பிசின் வணிகத்தில் அதுவே நாணயம்போல் வழங்கிற்று. 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைத்தொழிற் பள்ளி தொடங்கினார். ஆயினும் சாயத்தொழிலின் நுட்பம் தந்தையிடமிருந்தே மைந்தனுக்குச் சென்றது.

1897-இல் செருமானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அவுரியின் விலை வீழ்ந்தது. வயல்கள் வேறு பயிருக்கு மாறின. எனினும் திண்டிவனப் பகுதியில் அத்தொழில் அடியோடு அழிந்துவிடவில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர், தொட்டியருகே நிற்கும் முதியவரிடம் ஏட்டில் எளிதிற் கிட்டாத ஒன்றைக் கேட்கலாம்: நீரை அடிப்பதை எந்தக் கணத்தில் நிறுத்துவது?